தைராய்டு கண் நோய்: செலினியமா, காத்திருப்பா, ஸ்டீராய்டா?

தைராய்டு கண் நோய் என்று தெரிந்த முதல் வாரத்திலேயே பலர் காதில் விழும் பெயர் செலினியம் என்ற தாதுச்சத்து. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை, "சத்து மாத்திரைதானே" என்ற தைரியமும் இருக்கிறது. அதே நேரத்தில் கண் மருத்துவர் ஒருவரிடம் "இப்போதைக்குச் சொட்டு மருந்து போதும், மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்கிறார். அடுத்தவரை நேராக ஸ்டீராய்டு ஊசிக்கு அனுப்புகிறார். மூன்றுமே சரியான முடிவுகள்தான், ஆனால் வேறு வேறு கண்களுக்கு. எந்தக் கண் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் மருந்துகளை மட்டும் எடைபோட்டால் முடிவு தப்பாகத்தான் போகும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

தைராய்டு கண் நோய் பெரும்பாலும் வருவது கிரேவ்ஸ் நோயோடு, அதாவது தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயோடு. அதில் தைராய்டு சுரப்பியை ஓயாமல் தூண்டும் ஆன்டிபாடிகள் சுரப்பியோடு நின்றுவிடுவதில்லை. சுரப்பியில் அவை பற்றிக்கொள்ளும் அதே ஏற்பி, கண்குழிக்குள் இருக்கும் நார்ச்செல்களிலும் உண்டு. தூண்டப்பட்ட அந்தச் செல்கள் ஹயலுரோனிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அது நீரை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். விழியை அசைக்கும் தசைகளும் பின்னால் இருக்கும் கொழுப்பும் வீங்குகின்றன. கண்குழியைச் சுற்றி எலும்பு, விரிய இடமில்லை. திறந்திருப்பது முன்பக்கம் மட்டுமே என்பதால் விழி முன்னால் தள்ளப்படுகிறது. கண்குழியின் பின்கோடி குறுகலானது. அங்கே வீக்கம் ஏறினால் பார்வை நரம்பு நசுங்குகிறது.

இந்த நோயை இரண்டு அளவுகோல்களால் அளக்க வேண்டும். ஒன்று, அழற்சி இப்போது நடந்துகொண்டிருக்கிறதா என்பது. மருத்துவர் ஏழு விஷயங்களைப் பார்க்கிறார்: கண்ணுக்குப் பின்னால் சும்மா இருக்கும்போதே வலி, கண்ணை மேலே கீழே பக்கவாட்டில் திருப்பும்போது வலி, இமை சிவப்பு, இமை வீக்கம், வெண்விழி சிவப்பு, வெண்விழியின் மேல்சவ்வு நீர்கோத்து உப்புதல், மூக்கை ஒட்டிய கண்மூலையில் உள்ள சிறு சதை வீங்குதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மூன்று அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் செயல்நிலையில் இருக்கிறது என்று பொருள்.

மற்றது கடுமை. மேல் இமை 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக மேலேறியிருந்தால், விழி வழக்கமான அளவைவிட 3 மில்லிமீட்டருக்குக் குறைவாக முன்தள்ளியிருந்தால், இரட்டைப் பார்வை இல்லாமலோ எப்போதாவது களைத்த நேரத்தில் மட்டும் வந்து போவதாகவோ இருந்தால், கருவிழி உலர்வு சொட்டு மருந்துக்கே அடங்கினால், அது லேசான நோய். இவற்றில் ஏதாவது ஒன்று எல்லை தாண்டி அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் அது மிதமானது முதல் கடுமையானது வரை. இந்த இரண்டு அளவுகோல்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. விழி நன்றாகத் துருத்திக்கொண்டு, ஆனால் சிவப்போ வலியோ இல்லாமல் இரண்டு வருடமாக அப்படியே இருக்கும் கண் கடுமையானது, ஆனால் அணைந்துபோனது. அதற்கு எந்த மாத்திரையும் வேலை செய்யாது. செலினியமும் செய்யாது, ஸ்டீராய்டும் செய்யாது. அங்கே பெரும்பாலும் வழி அறுவை சிகிச்சைதான்.

காலம் என்பதும் கணக்கில் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு அழற்சி ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை இருந்து, பிறகு தானாகத் தணிகிறது. தணிந்த இடத்தில் தழும்பு நார் படிந்துவிடுகிறது. செலினியத்துக்கும் ஸ்டீராய்டுக்கும் மதிப்பு இருப்பது அதற்கு முன்னால்தான்.

செலினியத்துக்கு ஆதாரம் உள்ள இடம் இந்த வரைபடத்தில் ஒரு சிறு மூலை: நோய் லேசானதாக, செயல்நிலையில், புதிதாக இருக்க வேண்டும். அந்த மூலையில் அது நல்ல மருந்து. வெளியே எடுத்துவந்தால் வெறும் மாத்திரை.

மாத்திரையைத் தொடும் முன் ஒரு சோதனை

ஒரு சிவப்பு பாட்டில் மூடியை வெளிச்சமான இடத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு மூடி நல்ல சிவப்பாகவும் மறு கண்ணுக்குச் சாயம் போன செங்கல் நிறமாகவும் தெரிந்தால், அந்தப் பக்கப் பார்வை நரம்பு நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். கண்ணைச் சிமிட்டினாலும் விலகாத மங்கல், பார்வையின் ஒரு பகுதியில் நிழல் விழுவது, இமை மூடாமல் கருவிழியில் வெள்ளைப் புள்ளியோடு வலி, இவையும் அதே வரிசை. நரம்பு நசுங்கும் கண்ணில் விழி அவ்வளவாகத் துருத்தாமலும் இருக்கலாம்; முன்னால் வர இடம் கிடைக்காத வீக்கம் பின்னால் அழுத்துகிறது. ஆகவே "என் கண் பெரிதாகத் தெரியவில்லையே" என்று நிம்மதி அடைய வேண்டாம். இரண்டு கண்ணும் ஒரே அளவில் பாதிக்கப்பட்டிருந்தால் மூடிச் சோதனையில் வித்தியாசம் தெரியாது. மருத்துவமனையில் நிறக்குருடு அட்டையும் பார்வைப் பரப்புச் சோதனையும் செய்தால்தான் பிடிபடும்.

இந்த நிலையில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீத்தைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, தொடர்ந்து மூன்று நாளோ ஒருநாள் விட்டு ஒருநாளோ இரத்தநாளம் வழியாக ஏற்றுவார்கள். இரண்டு வாரத்துக்குள் பார்வை தேறவில்லை என்றால் கண்குழி எலும்பைத் திறந்து இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சை. ஆறு மாதத்தில் பலன் தரும் மாத்திரையை எடுத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தால் பார்வை போய்விடும். செலினியத்தால் நேரும் மிகப் பெரிய கேடு அதன் நச்சு அல்ல, இப்படி நேரத்தைத் தின்றுவிடுவதுதான்.

செலினியம் எவ்வளவு செய்கிறது

அழற்சியில் உள்ள கண்குழிச் செல்கள் செல்களைச் சேதப்படுத்தும் ஆக்சிஜன் தனியுறுப்புகளை அதிகமாக உமிழ்கின்றன. அவை மேலும் அழற்சியைத் தூண்டுகின்றன. இவற்றை அணைக்கும் குளுட்டதயோன் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளின் மையத்தில் செலினியம் இருக்கிறது. தைராய்டு ஹார்மோனைச் செயலுள்ள வடிவத்துக்கு மாற்றும் நொதிகளும் செலினியத்தைச் சார்ந்தவையே. இது காகிதத்தில் அழகான காரணம். ஆனால் காகிதத்தில் அழகாக இருந்து நோயாளியிடம் தோற்ற மருந்துகள் நிறைய உண்டு. ஆகவே ஆய்வைப் பார்ப்போம்.

ஐரோப்பாவில் இந்த நோய்க்கென்றே இயங்கும் யூகோகோ குழு நடத்திய ஆய்வு 2011-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. லேசான நோய் உள்ள 159 பேர், மூன்று பிரிவுகள்: ஒரு பிரிவுக்கு செலினியத்தின் உப்பான சோடியம் செலினைட் 100 மைக்ரோகிராம் தினம் இருவேளை, இன்னொன்றுக்கு பென்டாக்சிஃபிலின் என்ற வேறொரு மருந்து 600 மில்லிகிராம் இருவேளை, மூன்றாவதற்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஆறு மாதம் மருந்து, பிறகு ஆறு மாதம் கண்காணிப்பு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது.

ஆறாம் மாதத்தில் செலினியம் பிரிவில் 61 சதவீதம் பேரின் கண் தேறியது. வெற்று மாத்திரையில் 36 சதவீதம். மோசமானவர்கள் செலினியத்தில் 7 சதவீதம், வெற்று மாத்திரையில் 26 சதவீதம். வாழ்க்கைத் தரக் கேள்விப் பட்டியலிலும் செலினியம் எடுத்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இந்த வித்தியாசம் நின்றது. பென்டாக்சிஃபிலினால் பலன் இல்லை, வயிற்றுத் தொல்லைதான் மிச்சம்.

இந்த எண்களை இரண்டு பக்கமும் திருப்பிப் படிக்க வேண்டும். நான்கு பேருக்குச் செலினியம் கொடுத்தால், இல்லாவிட்டால் தேறியிருக்காத ஒருவர் தேறுகிறார். ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஒருவர் மோசமாவது தடுக்கப்படுகிறது. இவ்வளவு மலிவான, ஆறே மாத மாத்திரைக்கு இது நல்ல கணக்கு. ஆனால் ஒன்றுமே எடுக்காதவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் தானாகவே தேறினார்கள் என்பதும் அதே ஆய்வு சொல்வதுதான். முன்னேற்றம் தெரிந்த இடங்கள் முக்கியமாக இமைத் திறப்பும் இமை, சவ்வு வீக்கமும். துருத்திய விழி உள்ளே போகவும் இரட்டைப் பார்வை சரியாகவும் செலினியத்தை நம்பக் கூடாது; அந்த இரண்டுக்காகவே வருபவர்கள் ஏமாந்து போவார்கள்.

பக்கத்தில் ஒரு விஷயம்: கண்ணுக்காக அல்லாமல் கிரேவ்ஸ் நோய்க்கே, தைராய்டைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்த்து தினம் 300 மைக்ரோகிராம் செலினைட் 24 வாரம் கொடுத்துப் பார்த்த 70 பேர் ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. தைராய்டு கட்டுக்குள் வருவதிலோ நோய் திரும்புவதிலோ எந்த வித்தியாசமும் இல்லை. ஆக இது கண்ணுக்கான மருந்து, அதுவும் மேலே சொன்ன மூலையில் இருக்கும் கண்ணுக்கு.

அந்த ஆய்வு நடந்த மண்ணும் நம் மண்ணும்

செலினியம் உடம்புக்கு வருவது மண்ணிலிருந்து. பயிர் வழியாக, பயிர் தின்ற கால்நடை வழியாக. ஐரோப்பாவின் பல பகுதிகளில் மண்ணில் செலினியம் குறைவு. பின்லாந்து 1984 முதல் உரத்திலேயே அதைச் சேர்க்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2011 ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் இப்படி லேசான பற்றாக்குறை உள்ள பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அப்படியானால் பலன் செலினியத்தின் மருந்துக் குணத்தாலா, குறைந்திருந்ததை நிரப்பியதாலா? இதை அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. செலினியம் நிறைந்த அமெரிக்காவில் மருத்துவர்கள் இதை அவ்வளவு ஆர்வமாக எழுதாததற்குக் காரணம் இதுதான். 2022-இல் அமெரிக்க, ஐரோப்பிய தைராய்டு சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும் "செலினியம் குறைந்த பகுதிகளில் குறிப்பாக" என்ற நிபந்தனையோடுதான் ஒரு ஆறு மாதத் தவணையைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

இந்தியா முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் வட்டாரங்களில் மண்ணில் செலினியம் மிதமிஞ்சி, மக்களுக்கு முடி உதிர்வும் நகச் சிதைவும், கால்நடைகளுக்குக் குளம்புக் கேடும் வந்திருக்கின்றன. அங்கே ஒருவருக்குச் செலினியம் எழுதுவது எரியும் வீட்டுக்கு எண்ணெய் கொடுப்பது போல. இலங்கையில் 2000-இல் வெளியான ஆய்வு ஒன்று, தலைமுடி மாதிரிகளை வைத்து, பெண்களில் கணிசமான பங்கினருக்குச் செலினியம் போதாமல் இருக்கலாம் என்று காட்டியது. உங்கள் உணவும் ஊரும் எந்தப் பக்கம் என்று ஊகிப்பதைவிட இரத்தத்தில் அளந்துவிடுவது மேல்.

பெரிய ஆய்வகங்களில் சீரம் செலினியம் பார்க்கிறார்கள். சுவடுத் தனிமங்களுக்கென்று உள்ள உலோகக் கலப்பற்ற குழாயில்தான் இரத்தம் எடுக்க வேண்டும்; சாதாரணக் குழாய் என்றால் முடிவை நம்ப வேண்டாம். மாத்திரை தொடங்கும் முன் எடுப்பதுதான் பயன். தொடங்கிய பிறகு எடுத்தால் மாத்திரையைத்தான் அளக்கிறீர்கள். லிட்டருக்கு 70 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு, ஆறு மாதத் தவணைக்கு வலுவான காரணம் இருக்கிறது. 122-க்கு மேல் இருப்பவர் எடுக்கவே வேண்டாம். கூடுதலாகப் போடுவதால் நொதிகள் கூடுதலாக வேலை செய்வதில்லை, கேடு மட்டும் கூடுகிறது. இடையில் இருப்பவருக்கு, கண் அந்த மூலையில்தான் இருக்கிறது என்று மருத்துவர் உறுதிசெய்தால், எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. பரிசோதனை செய்ய வழியே இல்லை என்றாலும் ஆறு மாதத்தை மறுக்க மாட்டோம். அதற்கு மேல் ஒரு அட்டை வாங்குவதைத்தான் மறுப்போம்.

அட்டையின் பின்பக்கம்

அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். ஆய்வில் கொடுத்த "100 மைக்ரோகிராம்" என்பது சோடியம் செலினைட் என்ற உப்பின் எடை. அந்த உப்பில் தனிச் செலினியம் 46 சதவீதம் அளவுக்குத்தான். இருவேளை சேர்த்து 200 மைக்ரோகிராம் உப்பு. உடம்புக்குக் கிடைத்த செலினியம் ஒரு நாளைக்கு 90 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் பல மாத்திரைகளில் எழுதியிருப்பதோ தனிச் செலினியத்தின் அளவு. அப்படிப்பட்ட 200 மைக்ரோகிராம் மாத்திரையை "ஆய்வில் சொன்ன அளவு" என்று நினைத்துப் போடுபவர், ஆய்வில் இருந்தவர்களைப்போல் இரு மடங்கு எடுக்கிறார்.

அட்டையைத் திருப்பி, பெயரையும் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். "செலினியம் 100 மைக்ரோகிராம், சோடியம் செலினைட்டாக" என்றால் அது தனிச் செலினியம். ஒரு நாளைக்கு ஒன்று போதும். "சோடியம் செலினைட் 100 மைக்ரோகிராம்" என்று மட்டும் இருந்தால் உப்பின் எடையாக இருக்கலாம்; இருவேளை எடுத்தால் ஆய்வின் அளவு வரும். "எல்-செலினோமெத்தியோனின்" என்றால் அந்த மூலக்கூறில் செலினியம் 40 சதவீதம். நம் ஊர் ஆன்டிஆக்சிடன்ட் கேப்ஸ்யூல்கள் சிலவற்றில் "செலினியம் டைஆக்சைடு மோனோஹைட்ரேட்" என்று போட்டிருக்கும். அதில் 61 சதவீதம். அட்டையை வைத்து முடிவுக்கு வர முடியாவிட்டால் மருந்தாளுநரிடம் "இது தனிச் செலினியமா, உப்பா?" என்று கேட்டுவிடுங்கள்.

எந்த வடிவம் நல்லது? ஆதாரம் செலினைட்டுக்கு. செலினோமெத்தியோனின் நன்றாக உறிஞ்சப்படுகிறது, ஆனால் உடம்பு அதை மெத்தியோனின் என்று எண்ணிப் புரதங்களுக்குள் கட்டிவைக்கிறது. நிறுத்திய பிறகும் சேமிப்பு மெதுவாகத்தான் இறங்கும். ஆறு மாதத்தில் நிறுத்தப்போகும் மருந்துக்கு அது வசதியான குணமல்ல. செலினைட் எடுப்பவர்கள் ஒரு கிராம் போன்ற அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையை அதே வேளையில் போட வேண்டாம்; செலினைட் உறிஞ்சப்படாத வடிவமாக மாறிவிடும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

பிறகு வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் மேசையில் கொட்டுங்கள். முடி உதிர்வுக்கு ஒன்று, "இம்யூனிட்டிக்கு" ஒன்று, சர்க்கரைக்காரருக்கான மல்டிவைட்டமின் ஒன்று. இவற்றில் செலினியம் இருப்பது சாதாரணம். எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். உணவும் மாத்திரையும் சேர்ந்து தாண்டக்கூடாத உச்ச அளவு அமெரிக்கக் கணக்கில் நாளுக்கு 400 மைக்ரோகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதை 255 என்று இறக்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) பரிந்துரைக்கும் அன்றாடத் தேவை 40 மைக்ரோகிராம்தான். தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே இவ்வளவு நெருக்கமான சத்துகள் குறைவு.

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2008-இல் அமெரிக்காவில் நடந்தது சாட்சி. ஒரு திரவச் சத்து மருந்தில் லேபிளில் சொன்னதைப்போல் 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டது. 201 பேருக்கு நஞ்சேறியது. வயிற்றுப்போக்கு, களைப்பு, மூட்டு வலி, கொத்துக் கொத்தாக முடி உதிர்வு, நகம் நிறம் மாறி உடைதல். மூச்சில் பூண்டு வாசனையும் நாக்கில் உலோகச் சுவையும் அதிகச் செலினியத்தின் முன்னறிகுறிகள். தைராய்டு நோயாளிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: முடி உதிர்வு தைராய்டு கோளாறாலும் வரும். உதிர்வதைப் பார்த்துப் பயந்து இன்னொரு "முடி மாத்திரை" சேர்த்தால், அதிலும் செலினியம். நகத்தில் வெள்ளைக் கோடும் பூண்டு மூச்சும் சேர்ந்திருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இரத்தத்தில் பாருங்கள்.

சர்க்கரை நோய் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு புற்றுநோய்த் தடுப்பு ஆய்வில் பல வருடம் தினம் 200 மைக்ரோகிராம் எடுத்தவர்களிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அதிகம் தெரிந்தது; அதுவும் ஏற்கெனவே செலினியம் அதிகம் இருந்தவர்களிடம். ஆறு மாதத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் "நல்லதுதானே" என்று வருடக்கணக்கில் தொடர்பவர்களுக்கு இது பொருந்தும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தக் கண் ஆய்வில் இல்லை; அவர்களுக்கு இந்த எண்களைக் கடன் வாங்கக் கூடாது.

மாத்திரைக்குப் பதில் சாப்பாட்டில்?

முட்டை ஒன்றில் சுமார் 15 மைக்ரோகிராம், மத்தி மீன் 100 கிராமில் சுமார் 50. வாரம் மூன்று நான்கு நாள் மீன் சாப்பிடும் கடலோரக் குடும்பத்தில் பற்றாக்குறைக்கு வாய்ப்பு குறைவு. சோறும் காய்கறியும் மட்டும் சாப்பிடுபவருக்கு எல்லாம் அந்த மண்ணைப் பொறுத்தது. உணவால் பற்றாக்குறையைத் தவிர்க்கலாம், ஆய்வின் அளவைத் துல்லியமாகக் கொடுக்க முடியாது. இணையத்தில் பரவும் பிரேசில் கொட்டை ஆலோசனையை நாங்கள் ஆதரிக்கவில்லை. 28 கிராமில், அதாவது ஆறு முதல் எட்டுக் கொட்டைகளில், சராசரி 544 மைக்ரோகிராம் என்று அமெரிக்கக் கணக்கு. மரம் நின்ற மண்ணைப் பொறுத்து ஒரு கொட்டையில் உள்ளது இன்னொன்றில் பல மடங்காகும். தினம் ஒரு கைப்பிடி என்பது உச்ச அளவைத் தாண்டும் வழி.

காத்திருப்பது எப்போது சரி

மதிப்பெண் ஒன்றோ இரண்டோ, இமை கொஞ்சம் மேலேறியிருக்கிறது, செலினியம் போதுமான அளவில் இருக்கிறது என்றால் காத்திருப்பதே சிறந்த தேர்வு. அதைச் சும்மா இருப்பது என்று நினைக்க வேண்டாம். பகலில் பாதுகாப்புப் பொருள் சேர்க்காத கண்ணீர்ச் சொட்டு நான்கு முதல் ஆறு முறை. இரவில் தடிமனான ஜெல். தூங்கும்போது இமை முழுதும் மூடுகிறதா என்று வீட்டில் ஒருவரைக் கைப்பேசி வெளிச்சம் முகத்தில் படாமல் பார்க்கச் சொல்லுங்கள். கீழே வெள்ளை தெரிந்தால், ஜெல் போட்டபின் இமையைத் தோலுக்கான மென்மையான டேப்பால் ஒட்ட வேண்டும். தலைமாட்டை உயர்த்திப் படுத்தால் காலை வீக்கம் குறையும். வண்டி ஓட்டும்போது பக்கமும் மூடும் கண்ணாடி.

செலினியத்தைவிடப் பெரிய மூன்று விஷயங்கள் இந்தக் காலத்தில்தான் தீர்மானமாகின்றன. முதலாவது புகை. புகைப்பவருக்கு இந்த நோய் அதிகம் வருகிறது, கடுமையாகிறது, ஸ்டீராய்டுக்கும் கதிர்சிகிச்சைக்கும் குறைவாகவே இணங்குகிறது. நோயாளி புகைக்காவிட்டாலும், கணவரோ மாமனாரோ வீட்டுக்குள் புகைத்தால் அந்தப் புகையையும் நிறுத்த வேண்டும். இரண்டாவது தைராய்டு அளவு: கூடினாலும் குறைந்தாலும் கண் கெடுகிறது. டி.எஸ்.எச்.சும் டி4-உம் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்; தைராய்டைக் குறைக்கும் மாத்திரையான கார்பிமசோலால் தைராய்டு குறைநிலைக்குப் போய்விட்டதைக் கவனிக்காமல் விட்டுக் கண் மோசமாவது அடிக்கடி நடக்கும் தவறு. மூன்றாவது, தைராய்டு சுரப்பியை அடக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின். 1998-இல் வெளியான 443 பேர் ஆய்வில் அது மட்டும் பெற்றவர்களில் 15 சதவீதம் பேருக்குக் கண் நோய் வந்தது அல்லது கூடியது. தைராய்டைக் குறைக்கும் மாத்திரை எடுத்தவர்களில் 3 சதவீதம். அயோடினோடு பிரெட்னிசலோன் வகை மாத்திரையும் பெற்றவர்களில் யாருக்கும் கூடவில்லை. கண்ணில் செயல்நிலை அழற்சி இருக்கும்போது யாராவது அயோடின் சிகிச்சையை முன்வைத்தால், "கண்ணுக்கு ஸ்டீராய்டு பாதுகாப்பு உண்டா?" என்று கேட்பது உங்கள் உரிமை. அங்கே செலினியம் ஸ்டீராய்டுக்கு மாற்று அல்ல.

ஸ்டீராய்டும் அதற்கு மேலும்

கடுமை எல்லை தாண்டி, அழற்சியும் இருந்தால் காத்திருப்பும் செலினியமும் விலகிக்கொள்ள வேண்டும். வழக்கமான திட்டம்: மீத்தைல்பிரெட்னிசலோன் வாரம் ஒருமுறை 500 மில்லிகிராம், ஆறு வாரம், பிறகு 250 மில்லிகிராம், ஆறு வாரம். மொத்தம் 4.5 கிராம். 2021 ஐரோப்பிய வழிகாட்டல் இதோடு நோயெதிர்ப்பை அடக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரையையும் சேர்க்கிறது. மிகக் கடுமையான கண்ணுக்கு மொத்தம் 7.5 கிராம் வரை. ஒரு தவணையில் 8 கிராமைத் தாண்டுவதில்லை, தாண்டினால் கல்லீரல் கடுமையாகக் கெடும் ஆபத்து ஏறுகிறது. தொடங்கும் முன் கல்லீரல் சோதனை, ஹெபடைட்டிஸ் பி, சர்க்கரை, இரத்த அழுத்தம், இ.சி.ஜி, நம் நாட்டில் காசநோய்ச் சோதனையும் கட்டாயம். சர்க்கரை உள்ளவர்கள் ஊசி போட்ட அன்று மாலையும் மறுநாளும் வீட்டில் அளவு பார்க்க வேண்டும்.

"ஊசி வேண்டாம், மாத்திரையாகக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. 2005-இல் வெளியான 70 பேர் ஒப்பீட்டில் ஊசிக்கு 77 சதவீதமும் மாத்திரைக்கு 51 சதவீதமும் பலன். பக்கவிளைவு மாத்திரையில்தான் அதிகம். கண்குழிக் கதிர்சிகிச்சை, பத்துத் தவணையாக மொத்தம் 20 கிரே கதிர்வீச்சு, இரட்டைப் பார்வைக்கும் கண் அசைவுக்கும் உதவலாம்; சர்க்கரையால் விழித்திரை கெட்டவர்களுக்குக் கூடாது, 35 வயதுக்குக் கீழே தவிர்ப்பார்கள்.

துருத்திய விழியை உண்மையில் உள்ளே இழுக்கும் மருந்து டெப்ரோடுமுமாப். 2020 ஜனவரியில் அமெரிக்கா அனுமதித்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை எட்டுத் தவணை. 24-ஆம் வாரத்தில் 83 சதவீதம் பேருக்கு விழி 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ளே போனது, வெற்று மருந்தில் 10 சதவீதம். செலினியம் தொடக்கூட முடியாத எண் இது. விலையோ முழுத் தவணைக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். காது கேட்பது குறைதல், சர்க்கரை ஏறுதல், தசைப்பிடிப்பு ஆகியவை கவனிக்க வேண்டிய பக்கவிளைவுகள். கேட்புச் சோதனை இல்லாமல் தொடங்கக் கூடாது.

செலினியம் என்று முடிவெடுத்தால்

தொடங்கும் நாளில் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: ஏழில் எத்தனை மதிப்பெண், துருத்தம் எத்தனை மில்லிமீட்டர், இமைத் திறப்பு எத்தனை, சீரம் செலினியம் எவ்வளவு. அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே தூரத்தில், நேராகவும் இரண்டு பக்கவாட்டிலும் மூன்று புகைப்படம் எடுங்கள்; மாதம் ஒருமுறை அதே போல. கண்ணாடியில் தினம் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது, படம் காட்டிக்கொடுக்கும். துருத்தத்தை ஒவ்வொரு முறையும் அதே கருவியில், முடிந்தால் அதே ஆளிடம் அளக்கச் சொல்லுங்கள்; கருவி மாறினாலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும்.

மாத்திரை முடியும் தேதியைத் தொடங்கும் அன்றே நாட்காட்டியில் எழுதுங்கள். மூன்றாம் மாதம் கண் மருத்துவரிடம் போக வேண்டும். அதற்குள் இரட்டைப் பார்வை புதிதாக வந்தாலோ மதிப்பெண் ஏறினாலோ மூன்று மாதம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரை தோற்றுவிட்டது, அடுத்த படிக்குப் போக வேண்டும். ஆறாம் மாதம் கண் தேறியிருந்தாலும் தேறாவிட்டாலும் நிறுத்துங்கள். தேறியிருந்தால் பன்னிரண்டாம் மாதம் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே அளவீடுகள், அதே படங்கள். அட்டையில் மிச்சம் இருக்கும் மாத்திரையை, "உனக்கும் தைராய்டு இருக்கே" என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவருடையது தைராய்டு குறைநிலையாக இருக்கலாம், கண்ணில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், தினமும் மீன் சாப்பிடுபவராகவும் இருக்கலாம்.